வாயசைப்பு

அதிரா நடித்த முதல் படத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரு கிளப் பாடகியின் வேடம். ஒன்பது வருடம் கிளப்பில் பாடிப் பிழைத்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் ஏது என்று பினாங்கில் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் படத்தில் அவள் பாடுகிற ஒரே பாட்டு அவள் குரலில் இல்லை. அது பிரமிளாவின் குரல்.

யாரோ எவளோ பாடியிருந்தால்கூட அதிரா பொறுத்துக்கொண்டிருப்பாள். பிரமிளா என்றதும்தான் வயிறு எரிந்தது.

ஒரு காலத்தில் இருவரும் பினாங்கு ரோட்டில் ஒரு மாடிக் கிளப்பில் ஒரே மேடையில் பாடியவர்கள். பிரமிளா புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வருவாள். யூனிஃபாரத்தை மாற்றி, உதட்டில் சாயம் தடவிக்கொண்டு மைக் முன்னால் நிற்பாள். நின்ற இடத்தைவிட்டு நகர மாட்டாள். அதிரா அப்படியல்ல. மேஜைகளுக்கு நடுவே நடப்பாள், சிரிப்பாள், சோகப் பாட்டென்றால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். கீபோர்டு வாசித்த யுகேந்திரன் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னான்: “அதிரா பாடுனா கூட்டம் பாக்குது. பிரமிளா பாடுனா கூட்டம் கேக்குது.” மூவரும் சிரித்தார்கள். அதிராவுக்கு மட்டும் அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துக்கொண்டது.

நாடகம் போடும் சுகுமாரன் ஒருமுறை நண்பர்களோடு அங்கே வந்திருந்தார். அன்று குடித்திருந்த ஒருவன் பாட்டுக்கு நடுவே கத்திக் கலாட்டா செய்தான். அதிரா பாட்டை நிறுத்தவில்லை. பாடியபடியே இறங்கிப் போய், அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்தே மிச்ச வரிகளைப் பாடி முடித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுவாரமே சுகுமாரன் அவளைத் தன் நாடகத்துக்குக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கடலில் புருஷனைத் தொலைத்த மீனவப் பெண்ணாக அவள் நடித்த முதல் நாடகம் கோலாலம்பூர் வரை போய் வந்தது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் குடும்பத்தைப் பிரிக்கும் அண்ணியாக வந்தாள். அப்போது லிட்டில் இந்தியாவில் சேலை எடுக்கப் போன கடையில் ஒரு பெண்மணி, “நீயெல்லாம் நல்லா இருப்பியா?” என்று முகத்துக்கு நேரே திட்டிவிட்டுப் போனாள். அன்று முழுக்க அதிராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கிளப்பை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பிரமிளா இன்னும் அந்த மைக் முன்னாலேயே நிற்கிறாள் என்று யாராவது சொன்னால், ‘ஐயோ பாவம்’ என்பாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

சுகுமாரன் படம் எடுக்கத் துணிந்தபோது அதிராதான் நாயகி, யுகேந்திரன்தான் இசை. பாட்டை முதலில் அதிராதான் பாடிக் கொடுத்தாள். படப்பிடிப்பு நெருங்கிய நேரத்தில் யுகேந்திரன் போன் செய்தான்.

“அதிரா, கோவிச்சுக்காத. பாட்ட மாத்திட்டோம்.”

“டியூனயா?”

“இல்ல. குரல.”

அவனே தொடர்ந்தான்.

“உன் குரல்ல ஒரு குறையும் இல்ல. ஆனா நீ பாட்டுக்குள்ளயும் நடிக்கிற. ஒவ்வொரு வார்த்தைக்கும் அழுவுற. படத்துல மூஞ்சியும் அழுவும், குரலும் அழுவும்னா, பாக்குற சனம் எப்பலா அழுவுறது? பிரமிளாவக் கூப்பிட்டேன். வந்தா, சும்மா நின்னு பாடிட்டுப் போயிட்டா. சுகுமாரன் அண்ணனுக்கும் அதான் புடிச்சிருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை அதிரா காடியை ஓட்டிக்கொண்டு நேரே தாசேக் கெலுகோரிலிருந்த பிரமிளாவின் வீட்டுக்குப் போனாள். பிரமிளா சமையலறை மேஜையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அதிராவைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“எனக்குச் சேர வேண்டிய பாட்ட எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம நீ எப்படிப் பாடலாம்?”

“உனக்குத் தெரியும்னு யுகேன் சொன்னான்.”

“அவன் சொன்னா? நீ ஒரு போன் போட மாட்டியா?”

பிரமிளா கையிலிருந்த நெத்திலியைக் கிள்ளித் தட்டில் போட்டாள். “போட்டிருந்தா பாடாதன்னு சொல்லியிருப்ப. அதான் போடல.”

இப்படிப் பட்டவர்த்தனமாகப் பதில் வரும் என்று அதிரா எதிர்பார்க்கவில்லை.

“உனக்கு என்மேல பொறாம,” என்றாள்.

“ஆமா. இல்லன்னு யார் சொன்னா? அந்த அண்ணன் வந்த அன்னிக்கு நானும் அந்த மேடையிலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். அவரு கண்ணுல நான் படவே இல்ல. நீ டிராமாவுக்குப் போனப்ப எங்கிட்டக் கேட்டுக்கிட்டா போன?” நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “குடிக்கத் தண்ணி கலக்கட்டுமா?” என்று கேட்டாள்.

அதிரா ஒன்றும் குடிக்காமல் திரும்பிவிட்டாள். பாலத்தின் மேல் வரும்போது காடிக்குள்ளேயே அந்தப் பாட்டைத் தன் குரலில் பாடிப் பார்த்தாள். யுகேந்திரன் சொன்னது காதில் விழுந்துவிட்டதால், அழாமல் பாட முயன்றாள். வரவில்லை.

படப்பிடிப்பு நாளில் ஒரு கிளப்பைப் பகலில் வாடகைக்கு எடுத்து, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். பாட்டை ஒலிக்கவிட்டு அதற்கு அதிரா வாயசைக்க வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த பிரமிளா, யுகேந்திரன் பக்கத்தில் நின்றாள்.

முதல் டேக்கில் வாய் பிந்தியது. அடுத்ததில் முந்தியது. மூன்றாவதில் நடுவரியே தப்பிப்போனது.

“என்னாச்சும்மா? பாட்டு மனப்பாடம் ஆகலயா?” என்றார் சுகுமாரன்.

“பாட்டெல்லாம் ஆயிருச்சு அண்ணே. இந்தக் குரலோட வாய் ஒட்ட மாட்டேங்குது. எனக்கு மட்டுமில்ல, யாருக்கும் ஒட்டாது.”

இன்னும் பல டேக்குகள் வீணாயின. லைட் ஆட்கள் சலித்துப்போனார்கள். சுகுமாரன் நெற்றியைத் தேய்த்தபடி யுகேந்திரனைப் பார்த்தார். “பேசாம இவ பாடுனதையே வச்சுக்குவமா?”

இந்த வார்த்தைக்காகத்தான் அதிரா காலையிலிருந்து காத்திருந்தாள். முகத்தைச் சோர்வாக வைத்துக்கொண்டு மேக்கப் அறைக்குப் போனாள். பின்னாலேயே பிரமிளா வந்து கதவைச் சாத்தினாள்.

“நீ வேணும்னே பண்ற.”

“எனக்கென்ன பைத்தியமா?”

“நான் எங்க மூச்சு வாங்குவேன்னு எனக்கே தெரியாது. உனக்குத் தெரியும். அத்தன வருஷம் என் பக்கத்துல நின்னு அதத்தான பாத்துக்கிட்டு இருந்த? நீ பாத்தத நானும் பாத்தேன்லா.”

அதிராவுக்கு முகம் சூடானது. “அப்ப போய் அண்ணன்கிட்டச் சொல்லு.”

“சொல்ல மாட்டேன். சொன்னா நீ அழுது மன்னிப்பு கேப்ப. அதையும் நல்லாத்தான் கேப்ப. எல்லாரும் உன்னையே சமாதானம் பண்ணுவாங்க.” பிரமிளா கதவைத் திறந்தாள். “உன் பாட்டையே வச்சுக்கட்டும். ஆனா வாயசைக்கக்கூடத் தெரியாதவளுக்கு எதுக்கு நடிகைன்னு பேரு?”

அதிரா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாட வராது என்று உலகமே சொல்லட்டும், அதைத் தாங்கலாம். நடிக்கத் தெரியாது என்று பிரமிளா சொல்லிவிட்டுப் போவதா? விருட்டென்று எழுந்து வெளியே வந்தாள்.

“கடைசியா ஒரு டேக் போவலாம் அண்ணே.”

பாட்டு தொடங்கியது. பிரமிளா மூச்சு வாங்கிய இடத்தில் அதிராவின் தோள் எழுந்தது. பிரமிளா ஒரு சொல்லைப் பாதியில் மெலியவிட்ட இடத்தில் அதிராவின் உதடும் மெல்லத் தளர்ந்தது. அந்தக் குரலை அவள் வெறுத்தாள். அது தனக்கு வேண்டும் என்றும் தவித்தாள். தன் வாயிலிருந்து அது புறப்பட்டு வருவதுபோல இருக்க, அது தன்னுடையதில்லை என்பதும் கூடவே தெரிந்துகொண்டிருந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. பாட்டு முடிந்த பிறகும் சுகுமாரன் ‘கட்’ சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. பார்த்துக்கொண்டிருந்த லைட் ஆள் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

பிரமிளாவின் குரலே படத்தில் நிலைத்தது.

ஜார்ஜ் டவுனில் முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் அதிராவைக் கூட்டம் மொய்த்தது. ஆளாளுக்கு அவளோடு செல்ஃபி எடுத்தார்கள். பிரமிளா தன் தங்கையோடு பாப்கார்ன் கவுன்டர் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. அது அதிராவுக்கு இனித்தது.

ஒரு வயதான பெண்மணி அதிராவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அந்தப் பாட்டு நீயே பாடுனதாம்மா? என் மனசெல்லாம் கரைஞ்சு போச்சு.”

“ஆமாம்மா,” என்றாள் அதிரா.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். பிரமிளா கேட்டுவிட்டாள். கோபப்படுவாள், வந்து சண்டை போடுவாள் என்று நினைத்தாள். பிரமிளாவோ சின்னதாகச் சிரித்துவிட்டு, தங்கையின் தோளைத் தட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

படம் சுமாராகத்தான் ஓடியது. பாட்டோ பிய்த்துக்கொண்டு போனது. வானொலியில் தினமும் ஒலித்தது. ஒவ்வொரு முறையும் அறிவிப்பாளர் மறக்காமல் “பாடியவர், பிரமிளா” என்றார். கடையில், காடியில், லிஃப்டில் என்று எங்கே போனாலும் அந்தப் பேர் அதிராவைத் துரத்தியது. தன் கையைப் பிடித்த அந்தப் பெண்மணியும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கும்போது அவளுக்கு உடம்பு கூசியது.

அடுத்த நாடகத்துக்கு விளம்பரமாக வானொலியிலேயே அவளைப் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். நேரலை. நடிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அறிவிப்பாளர் திடீரென்று கேட்டார்: “நீங்களும் பாடகிதானே? உங்களுக்கு இன்னொருத்தர் குரல் கொடுத்தது எப்படி இருந்துச்சு?”

‘பெருமையாக இருந்தது’ என்று சொல்லத்தான் தயாராக வந்திருந்தாள். வாய் வேறு சொன்னது.

“எரிச்சலா இருந்துச்சு. இன்னிக்கும் எரியுது. ஒருத்தங்க வந்து நீயா பாடுனன்னு கேட்டப்ப ஆமான்னு பொய் சொல்லிட்டேன். அந்தக் குரல் எனக்கு இருந்திருந்தா நான் நடிக்கவே வந்திருக்க மாட்டேன்.”

அறிவிப்பாளர் சட்டென்று அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார்.

மாலையில் பிரமிளாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் தொழிற்சாலை பஸ்ஸின் இரைச்சல்.

“கேட்டேன்லா. அந்தக் கடைசி வார்த்த மட்டும் பொய். இந்தக் குரல் இருந்திருந்தாலும் நீ போயிருப்ப. எனக்குத்தான் போகத் தெரியல. நீ அந்தக் குடிகாரன் முன்னால போய் உக்காந்தியே, அன்னிக்கு என் கால் அசைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கேன். சரி, டிராமாவுக்கு எனக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வையி.”

அதிரா அதை மறுபடியும் கேட்டாள். வேலை முடிந்த களைப்பில், பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசும்போதுகூட அந்தக் குரல் பிசிறில்லாமல் வந்தது. கேட்கக் கேட்க அவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. அரங்கத்துக்குப் போன் போட்டு, முன் வரிசையில் இரண்டு இடம் வைக்கச் சொன்னாள்.