கட்டியா, துளியா

தப்பு என் வாயில்தான் தொடங்கியது. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே ஆய்வகத் தோழியிடம் போனில் புலம்பினேன்: "கருவுக்குள்ள இருக்கிறது கட்டிதான்னு மேடம் அடிச்சுச் சொல்றாங்க. இன்னைக்கு முடிவு தெரிஞ்சுடும்." பக்கத்து அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்த என் மாமனாருக்கு வயிற்றுக் கருவைத் தவிர வேறு கரு எங்கே தெரியும்? எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

நான் சொன்னது செல்லின் கரு. அதற்குள் ஒரு புரதம் சேர்ந்து குட்டி உருண்டைகளாகிறது. சுற்றிலும் சவ்வு ஏதும் கிடையாது. தண்ணீரில் எண்ணெய்த் துளிகள் சேர்வதுபோல அவை தாமாகவே திரள்கின்றன என்பது என் கட்சி. கெட்டுப்போன புரதம் இறுகிய கட்டி, அவ்வளவுதான் என்பது என் ஆய்வு வழிகாட்டியான மேடத்தின் கட்சி. துளி என்றால் இரண்டு தொட்டதும் ஒன்றாகக் கலக்க வேண்டும். இன்றைக்குள் அதைக் காட்டாவிட்டால் என் ஆய்வை மூட்டை கட்டிவிடுவார்.

ஆய்வகத்தில் மதியம் வரை ஒன்றும் நடக்கவில்லை. வெறுத்துப்போய் மைக்ரோஸ்கோப்பை அணைக்கப் போனேன். கதவைத் தள்ளிக்கொண்டு மாமனார் வந்து நின்றார். ஒரு காலில் அவர் செருப்பு, மறுகாலில் அத்தையின் செருப்பு.

"ஏம்மா, எங்ககிட்டயா மறைக்கிற? எத்தனை மாசம்?"

விஷயம் புரிந்ததும் சிரிப்பு பீறிட்டது. அவர் கண் கலங்கியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"ஐயோ மாமா, அந்தக் கரு இல்ல! செல்லுக்குள்ள இருக்கிற கரு. வாங்க, காட்டுறேன்."

அணைக்கப் போன கை திரையில் படத்தைப் பெரிதாக்கியது. பச்சையாக இரண்டு உருண்டைகள் மின்னின.

"இதுவா கட்டி?" மாமா மூக்கு உரசக் குனிந்தார்.

"அதுலதான் சண்டையே..."

சொல்லி வாய் மூடவில்லை, இரண்டும் தொட்டுக்கொண்டன. நிலக்கடலைபோல இடுப்பு ஒடுங்கி நின்றன. மெல்ல இடுப்பு உப்பி, ஒரே உருண்டையாயின.

நான் போட்ட கூச்சலில் மேடம் ஓடிவந்தார். பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டி இல்ல, துளிதான். நீ ஜெயிச்சுட்ட."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேடத்தையே கட்டிப்பிடித்துவிட்டேன். மாமாவுக்கும் தலைகால் புரியவில்லை; செல்லின் கரு என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை போலும். அதற்குள் போனில் அத்தையிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"பெரிய டாக்டரே பாத்துச் சொல்லிட்டாங்க, கட்டி இல்லையாம்! கருவுக்குள்ள ரெண்டு இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்!"

அத்தையின் குரல் ஆய்வகம் முழுக்கக் கேட்டது:

"ரெட்டைப் பிள்ளையா!"