அரங்கசாமி கழித்துப்போட்ட நாணயம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமே இல்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் அரங்கசாமி. பம்ப்செட்டுகளுக்கு வார்ப்பு ஊற்றித் தரும் பட்டறையின் முதலாளி. "நீங்கதான் எழுதறவருங்களே, நம்ம சீனாக் காசு கதைய எழுதுங்க சார்" என்று ஒரு மாதமாக என் உயிரை வாங்குகிறார். எழுதலாம்தான். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை போட்டார்.

"நான் ஏமாந்துபோட்டேன்னு மட்டும் எழுதீராதீங்க."

அவர் ஏமாந்ததுதான் கதை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு விமான டிக்கெட்.

2

முதல் தொடக்கம்: குவாங்சோ நகரத்தின் மேல் மாலை வெயில் பொன்னாக உருகி வழிந்துகொண்டிருந்த வேளையில், அரங்கசாமி என்னும்—

(நிறுத்திவிட்டேன். நான் குவாங்சோவைப் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. போனது பம்ப் கண்காட்சிக்கு. ஊரைப் பற்றிக் கேட்டால், அங்கே தக்காளிச் சட்னி கிடைக்கவில்லை என்கிறார்.)

2 (மறுபடியும்)

கண்காட்சி முடிந்த மறுநாள், பழம்பொருள் விற்கும் சந்து ஒன்றில் அரங்கசாமி ஏழு வெள்ளி நாணயங்கள் வாங்கினார். நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்றான் கடைக்காரன். ஒரு பக்கம் டிராகன், மறுபக்கம் சீன எழுத்து. அரங்கசாமி லேசில் யாரையும் நம்புகிறவர் இல்லை. ஊருக்கு வந்ததும் ஏழையும் பட்டறைக்கு எடுத்துப் போய், வார்ப்புகளைச் சோதிக்கிற மாதிரியே சோதித்தார். காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. தராசில் வைத்தார். வெர்னியரால் கனமும் குறுக்களவும் பார்த்தார். ஆறு நாணயங்கள் எடையிலும் அளவிலும் இம்மி பிசகவில்லை. அவருக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. முப்பது வருஷமாக அவர் தன் ஆட்களிடம் தொண்டை கிழியக் கேட்டும் வராத ஒழுங்கு அது.

ஏழாவதுதான் சரியில்லை. எடை குறைவு, விளிம்பு தேய்ந்திருந்தது, டிராகனின் வயிற்றில் யாரோ உளியால் தட்டியதுபோல் சின்னச் சின்னக் குழிகள்.

"ஆறு பாஸ், ஒண்ணு ரிஜெக்ட்" என்று மனைவி ராமாமணியிடம் அறிவித்தார்.*

* வீட்டில் இவர்கள் பேசுவது தெலுங்கு. தமிழில் தருவது நான். தெலுங்கில் தன் வசவு இன்னும் நன்றாக இருக்கும் என்று ராமாமணி வருத்தப்படுகிறார்.

3

அவிநாசியில் அவர்கள் மகள் ஷ்ரவ்யாவும் மருமகன் சசிதரும் வீடு கட்டத் தொடங்கினார்கள். வாசல் நிலவு வைக்கும் நாளில், அந்த வாசற்காலை நிறுத்தும் குழியில் போட ஒரு வெள்ளிக் காசு கேட்டார்கள். அரங்கசாமி பையைத் துழாவி, கழித்துப்போட்ட ஏழாவதை எடுத்துக் கொடுத்தார். மண்ணுக்குள் போவதற்கு அது போதும் என்பது அவர் கணக்கு.

வீடு முடிந்து குடிபுகுந்த நாளில், பாஸான ஆறையும் வெல்வெட் பெட்டியில் வைத்து, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சசிதரிடம் நீட்டினார்.

"ஒவ்வொண்ணும் நானே சோதிச்சது மாப்ள. நம்ம கியாரண்டி."

இதன் கனம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த வீட்டுக்கு எந்தக் கம்பி, எந்த சிமெண்ட், எந்தக் கொத்தனார் என்று எல்லாவற்றிலும் மருமகனுக்குப் பாடம் நடத்தியவர் இவர். "உங்களையெல்லாம் எவன் வேணாலும் ஏமாத்திப்போடுவான் மாப்ள" என்று சொல்லாத வாரம் கிடையாது. அந்தப் பையன் இப்போது கோவையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் நாணயக் கண்காட்சியில் ஆறையும் வைக்கப்போகிறான், 'என் மாமனார் தந்தவை' என்ற அட்டையோடு.

4

போலி என்று யார் கண்டுபிடிப்பது? முதலில் ஷாநவாஸ் என்று ஒரு நாணய நிபுணரைப் படைத்தேன். பூதக்கண்ணாடியும் கையுமாக வந்து இரண்டு பக்கம் பேசினார். படிக்கவே எனக்குக் கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன். (மன்னியுங்கள் ஷாநவாஸ்.)

நடந்தது இவ்வளவுதான். கண்காட்சிக்காக ஆறு நாணயங்களையும் வரிசையாக வைத்துப் படமெடுத்து சசிதர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். ராமாமணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க, ஆறு பாம்புக்கும் மீசையில ஒரே எடத்துல கீறல் இருக்குதுங்களே."

"அதான் குவாலிட்டி" என்று ஆரம்பித்த அரங்கசாமி, பாதியில் வாயை மூடிக்கொண்டார். அச்சில் கீறல் இருந்தால் அதிலிருந்து வருகிற ஒவ்வொரு உருப்படியிலும் அதே கீறல் இருக்கும். இதற்காகவே எத்தனை தடவை அவர் ஆட்களைத் திட்டியிருக்கிறார். நூறு வருஷம் வெவ்வேறு கைகளில் புழங்கிய காசுகள் ஒரே மாதிரி கீறாது, ஒரே மாதிரி தேயாது, ஒரே எடையில் வந்து நிற்காது. எதைப் பார்த்துப் பூரித்தாரோ அதுவேதான் போலிக்குச் சாட்சி. அன்று அவர் சாப்பிடவில்லை.

5

இத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். கதைக்காக நாலு இடத்தில் படித்துத் தொலைத்தேன். அந்தக் காலத்துச் சீன வியாபாரிகள், கைக்கு வந்த வெள்ளியைச் சோதித்து, நல்லது என்று தெரிந்தால் தங்கள் முத்திரையை அதில் தட்டிவிடுவார்களாம். கை மாற மாற முத்திரைகள் கூடும்; பார்த்தால் உளி தட்டிய குழிகள்போல்தான் இருக்குமாம். அரங்கசாமி பட்டறையிலும் சோதனையில் தேறிய வார்ப்புக்கு ஒரு பஞ்ச் அடித்துத்தான் வெளியே அனுப்புவார்கள்.

இதை அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப அவங்க பாஸ் பண்ணி பஞ்ச் போட்டத நான் ரிஜெக்ட் பண்ணிப்போட்டேனுங்களா சார்?"

(ஒரு சந்தேகம்: முத்திரையையும் போலியாகத் தட்டலாம் என்கிறார்கள். ஏழாவது அசலா என்று தெரிய வேண்டுமானால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். குடியிருக்கிற வீட்டின் நிலவை யார் பெயர்ப்பார்கள்?)

6

முடிவுகள்.

அ. அரங்கசாமி கடப்பாரையோடு அவிநாசி போகிறார். இதை ராமாமணியிடம் படித்துக் காட்டினேன். "மக ஊட்டு நிலவுல கை வெச்சாருன்னா, நான் இவரு ஊட்டுல இருக்க மாட்டேன்" என்றார். அடித்துவிட்டேன்.

ஆ. சசிதருக்கு முதலிலேயே தெரியும். மாமனாரைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறான். (எங்கள் பக்கம் எந்த மருமகன் மாமனாரைக் கட்டிப்பிடித்தான்? கிழித்துவிட்டேன்.)

இ. அரங்கசாமியே ஃபோனில் சொன்ன முடிவு: எல்லாம் தெரிந்தேதான் கொடுத்தார், மருமகனைச் சோதிக்க. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபோனை வைத்துவிட்டேன்.

ஈ. ஞாயிற்றுக்கிழமை காலை, கண்காட்சி அரங்கில், எல்லார் முன்னாலும் சசிதர்—

7

இன்று சனிக்கிழமை. மத்தியானம் மறுபடியும் ஃபோன் வந்தது. காரில் போனால் டிரைவருக்குத் தெரிந்துவிடும் என்று பஸ் பிடித்து அவிநாசி போயிருக்கிறார்.

"வாசல்லதான் நிக்கறேன் சார். மாப்ளகிட்ட என்ன சொல்லோணும்னு எழுதிக் குடுங்க."

பொறுமை போய்விட்டது எனக்கு. 'நான் ஏமாந்துட்டேன் மாப்ள, அந்தக் காசுகளை நாளைக்கு வைக்காதீங்க' என்று சொல்லுங்கள், இதற்கு எதற்கு எழுத்தாளன் என்று கத்திவிட்டேன்.

"அப்ப நீங்க மொதல்ல எழுதீருங்க சார். எழுதிப்போட்டீங்கன்னா நான் சொல்லிப்போடுவேன்."

எழுதிவிட்டேன்: அரங்கசாமி ஏமாந்துவிட்டார்.

இனி என் கையில் எதுவும் இல்லை. காலிங்பெல்லை அழுத்திவிட்டார். மகள் வீட்டு நிலவை மிதிக்காமல் தள்ளி நிற்கிறார். அவர் கழித்துப்போட்டது அதற்கடியில் கிடக்கிறது. சசிதரை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, அவனுக்கு வசனம் எழுத மாட்டேன். இவ்வளவு தூரம் கூட வந்த நீங்களே போய்க் கதவைத் திறங்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். "வாங்க மாமா" என்று மட்டும் சொல்லுங்கள். வயசானவர், வெகுநேரமாக வெயிலில் நிற்கிறார்.