ஹால்ஸ்டன் பூங்காவில் தொலையாத மோதிரம்

எட்வின் ஆர்மராட் தன் கல்யாண மோதிரத்தை ஹால்ஸ்டன் பூங்காவில் தொலைத்துவிட்டதாகச் சொன்னது பச்சைப் பொய். பொய் சொல்லிப் பழகாதவர்கள் இப்படித்தான், வாய்க்கு முதலில் வந்த இடத்தைச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். மண்ணுக்குள் பழங்காசு தேடுகிற மன்றத்தோடு, உலோகம் இருந்தால் ஒலிக்கிற டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அவர் சுற்றுகிற இடம் அதுதான். கையுறையைக் கழற்றும்போது கூடவே நழுவியிருக்கும் என்றார். மனைவி தெல்மா மறுபேச்சு பேசவில்லை. அடுத்த முறை அவளும் ஒரு டிடெக்டரோடு வந்து நின்றாள்.

மோதிரம் கிடந்தது கால்வாயின் அடியில். ஒரு மழை நாளில், இனி இந்த வீட்டில் காலம் தள்ள முடியாது என்று பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், பாலத்தில் நிறுத்தி மோதிரத்தைக் கழற்றி வீசினார். எதற்காகச் சண்டை என்று கேட்டால் இன்று அவருக்கே சொல்லத் தெரியாது. வீசிய பிறகு எங்கே போவது என்று தோன்றவில்லை. தங்கை வீட்டுக்குப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பாள். பசி வேறு. திரும்பி வந்தார். மேசையில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சூடாக இருந்தன. வெறும் விரலைப் பார்த்து தெல்மா கேட்டாள், பொய் வந்தது.

ஹால்ஸ்டன் பூங்கா ஒரு பழைய மாளிகையைச் சேர்ந்தது. அதன் புல்வெளியில் ஒரு காலத்தில் வருஷா வருஷம் சந்தை கூடும். அங்கே குடித்துவிட்டு ஆடியவர்களிடமிருந்து விழுந்த வெள்ளிக் காசுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. மாளிகைக்காரர்கள் மன்றத்துக்கு மாதம் ஒரு ஞாயிறு அனுமதி தந்திருந்தார்கள். டிடெக்டர் உலோகத்துக்கு உலோகம் வேறு ஓசை எழுப்பும். வருகிறவர்கள் எல்லாரும் பீர் டப்பாவின் திறப்பு வளையத்துக்குரிய ஓசை கேட்காதபடி அதை அடைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் நாள் முழுக்கக் குப்பைதான் தோண்ட வேண்டும். தங்க மோதிரத்துக்கும் அதே ஓசைதான், அங்கேதான் வம்பு. அதனால் தெல்மா எதையும் அடைக்கவில்லை. ஊரார் குடித்துப் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்டினாள். பூங்காவைக் கூட்டிப் பெருக்க ஒரு ஆள் சும்மா கிடைத்துவிட்டது என்று மன்றத் தலைவர் டெரெக் கிண்டல் செய்வார். அவளும் சிரித்துவிட்டு அடுத்த குழிக்குப் போவாள்.

எட்வினுக்குத்தான் சிரிப்பு வராது. அவள் மண்டியிடும்போதெல்லாம் பக்கத்தில் போய் நிற்பார். இருக்காது என்று தெரிந்தும் குழிக்குள் எட்டிப் பார்ப்பார். முதல் குளிர்காலத்திலேயே சொல்லியிருக்கலாம், ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும். தள்ளிப்போடப் போட, மோதிரத்தை எறிந்ததைவிட அவளைத் தோண்டவிட்டது பெரிய குற்றமாக வளர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

இந்த இலையுதிர் காலத்தில் மாளிகை கைமாறியது. புதிதாக வந்தவர்களுக்கு இந்த வேலையெல்லாம் பிடிக்கவில்லை. வருகிற ஞாயிறுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு தெல்மா சரியாகச் சாப்பிடவில்லை. எட்வின் மறுநாளே பக்கத்து ஊர்ப் பழம்பொருள் சந்தைக்குப் போனார். எழுத்து எதுவும் பொறிக்காத, தேய்ந்த தங்க வளையம் ஒன்று கிடைத்தது. அவர் எறிந்த மோதிரமும் அப்படித்தான் இருந்தது. கொடி நட்டு எல்லை குறிக்கிற வேலை மன்றத்தில் அவருடையது. சனிக்கிழமை அதற்காகப் போனவர், அவள் எப்போதும் ஆரம்பிக்கிற செஸ்ட்நட் மரத்தடியில் புல்லை வெட்டிப் புரட்டி மோதிரத்தைப் புதைத்து, புல்லை மறுபடி மூடி, காலால் அழுத்திவிட்டு வந்தார். பல வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு காலையில் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. தெல்மா மண்டியிட்டாள், தோண்டினாள், கையை உயர்த்தினாள். எல்லாரும் ஓடி வந்தார்கள். தங்கம் கண்டவர் அந்த இடத்திலேயே ஆட வேண்டும், அது மன்றத்தின் வழக்கம். டெரெக் கை தட்டத் தொடங்கினார். தெல்மா மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ரப்பர் பூட்ஸோடு இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி ஆடினாள். எட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்டல் செய்தவர்களெல்லாம் அவர் முதுகில் தட்டிவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள்.

அவர்கள் போகும்வரை தெல்மா காத்திருந்தாள்.

"இந்தப் புல்லை வெட்டுனது நீ," என்றாள்.

எட்வின் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் புரட்டிக் கிடந்த புல்லைப் பார்த்தார்.

"மூணு பக்கம் வெட்டி ஒரு பக்கத்தை ஒட்டவிட்டுத்தான் எல்லாரும் புல்லைப் புரட்டுவாங்க. கைக்கு வந்த பக்கத்தை வெட்டாம விடுவாங்க. நீ ஒருத்தன்தான் மேட்டுப் பக்கத்தை விடுவே, மழைத் தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு. இதுல ஒட்டியிருந்தது மேட்டுப் பக்கம்."

இனி மறைக்க ஒன்றுமில்லை. கால்வாயைப் பற்றிச் சொன்னார், பாலத்தைப் பற்றிச் சொன்னார். விட்டுப் போய்விடலாம் என்றுதான் அன்றைக்குக் கிளம்பினேன் என்பதையும் சொன்னார்.

"தெரியும். நீ சாப்பிட்டுத் தூங்குனப்பறம் கார்லேருந்து பெட்டிய எடுத்தாந்தது நான்தானே. பெட்டியோட கெளம்புனவன் பூங்காவுலயா மோதிரத்தத் தொலைச்சிருப்பான்? சட்டையெல்லாம் மறுபடி அலமாரியில இருந்துச்சே, யாரு வெச்சான்னு ஒரு நாளாவது கேட்டியா?"

அவர் கேட்டதே இல்லை. சட்டை இருந்த இடத்தில் இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் தோண்டுன?"

"நான் குனியற எடமெல்லாம் வந்து நிப்பே. மூஞ்சியப் பாத்தாலே தெரியும், வாய் வரைக்கும் வந்துருச்சுன்னு. இந்தக் குழியில சொல்லிடுவான், அடுத்த குழியில சொல்லிடுவான்னுதான் தோண்டுனேன்." மோதிரத்தைப் புரட்டிப் பார்த்தாள். "நீ என்னடான்னா கடைக்குப் போயி வாங்கிட்டு வந்திருக்கே."

"இப்பச் சொல்லிட்டேனே தெல்மா."

"மாட்டிக்கிட்டே. அதுக்குப் பேரு சொல்றதில்ல."

மன்றத்தார் எல்லாரும் இடுப்பில் இரண்டு பை கட்டியிருப்பார்கள், கிடைத்த பொருளுக்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று. அவள் குப்பைப் பையைத் திறந்து மோதிரத்தை உள்ளே போட்டாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போனாள். எட்வின் கூடப் போக எழுந்தார். அவள் திரும்பாமலே, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அன்று முழுக்க அவள் தோண்டிய எந்தக் குழிக்கும் பக்கத்தில் போக அவருக்குத் தைரியம் வரவில்லை.