மேனேஜர் குரைக்காது

என் மாமனார் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னலை ஒட்டிப் போட்டிருப்பதால் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் எங்கள் நாய் படுத்திருக்கும். தெருவிலிருந்து தானாக வந்து, யாரையும் கேட்காமல் தங்கிவிட்ட நாய். ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்க எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருந்ததால் என் கணவர் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்.

மேனேஜருக்கு வாய் அதிகம். வாசலில் ஆள் நிழல் தட்டினால் போதும், மாமனாரின் காலை இடித்துக்கொண்டு எழுந்து தெருவையே கூட்டிவிடும். அவர் திரும்பிப் பார்த்ததும் கடமை முடிந்ததென்று வாயை மூடிப் படுத்துக்கொள்ளும். சாப்பிடக் கூப்பிட்டாலும் முதலில் அதுதான் வரும், பின்னால் அவர் வருவார்.

மேல்வீட்டுப் பெண் நர்ஸ். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். கண் சிவக்க இறங்கி வந்து சண்டை போடுவாள். மாமனார் அவள் முகத்தையே பார்த்தபடி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க நாய் குரைக்கவே குரைக்காதேம்மா. வேற ஏதாவது நாயா இருக்கும்" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று எனக்கு மானம் போகும். பாசம் இருக்க வேண்டியதுதான், அதற்காக இப்படியா?

போன மழைக்காலத்தில் ஒரு காலை மேனேஜர் எழுந்திருக்கவில்லை. வயதாகிவிட்டது, வேறு காரணம் இல்லை. சுற்றி எடுத்துப்போகத் துணி வேண்டுமென்று என் கணவர் பழைய போர்வையைத் தேடினார். மாமனார் கோட்டுக்கு உள்ளே வைக்கும் பட்டுத்துணியை எடுத்து வெட்டிக் கொடுத்தார். அளவெடுக்காமல் அவர் ஒரு துணியை வெட்டி அன்றுதான் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து, பாதியில் நின்ற சட்டையைத் தைக்க ஆரம்பித்துவிட்டார். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

அதற்கப்புறம்தான் அவர் மாறிப்போனார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. வாடிக்கையாளர்கள் வந்து நின்று, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். "உங்க மாமனாருக்கு அவ்வளவு என்ன கோவம்?" என்று கடைவீதியில் என்னை நிறுத்திக் கேட்டார்கள். எதைச் சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். என் கணவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"அப்பா மனசு உடைஞ்சிட்டார். வர்றவங்களையும் விரட்டிக்கிட்டு இருக்கார். கடைய மூடிடலாம், மெஷின குடுத்துடலாம். நீயே பக்குவமா சொல்லு."

பக்குவமாகச் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த வீட்டில் என் தலையில்தான் விழும். மெஷினை எடுத்துவிட்டால் அவர் கையை எங்கே வைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில்கூட துணி தள்ளுவது மாதிரி விரல் நகர்ந்துகொண்டே இருக்கும். நாய் போயிற்று, கடையும் போனால் மனிதர் தாங்க மாட்டார்.

சாயங்காலம் அவர் பின்னால் போய் நின்றேன். "மாமா" என்றேன். மெஷின் ஓடவில்லை, கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. துக்கம் இவருக்கு மட்டும்தானா?

"மாமா, மேனேஜர் வந்திருக்கு."

சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் திரும்பவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த பொத்தானை எடுத்தார். உலகத்தில் எதற்குத் திரும்பாவிட்டாலும் அந்தப் பெயருக்குத் திரும்பாமல் அவரால் இருக்க முடியாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டு, ஊசியை விரலில் குத்திக்கொண்டார்.

காது டாக்டர் கருவி வைத்துச் சோதித்துவிட்டு, இது பல வருடக் கதை, ஆள் முகத்தைப் பார்த்தே சமாளித்திருக்கிறார் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் கேட்டார், "ஏம்பா ஒரு வார்த்தை சொல்லல?"

"மேனேஜர் எழுந்தா ஆள் வந்திருக்குன்னு அர்த்தம். அது ஓடினா சாப்பாடு. அதுக்கு மேல காது எதுக்குடா?"

என் கணவர் கடையைப் பற்றி மறுபடி பேசவில்லை.

காதில் கருவி மாட்டிய முதல் நாள் மாமனாருக்கு எல்லாமே எரிச்சல். கத்தரிக்கோல் கத்துகிறது என்றார், நான் கரண்டி வைப்பதைக் கொஞ்சம் அடக்கி வைக்கலாம் என்றார். இரண்டாம் நாள் தெருமுனையில் ஒரு நாய் குரைத்தது. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"நம்ம மேனேஜர் குரைக்குமாம்மா?"

"ஊரே எழுந்துக்கும் மாமா."

காதிலிருந்த கருவியை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு, "எப்படிக் குரைக்கும்?" என்றார்.

நான் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. குரைத்துக் காட்டினேன். கல்யாணமாகி வந்த வீட்டில் மாமனார் எதிரில் குரைத்த மருமகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அது அப்படி இல்லக்கா" என்று படியில் குரல் கேட்டது. மேல்வீட்டு நர்ஸ், இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுத்த யூனிஃபார்மை வாங்க இறங்கி வந்திருந்தாள். "முதல்ல தொண்டைக்குள்ளயே ஒரு உறுமல். அப்புறம் சேர்ந்தாப்ல ரெண்டு. ஒரு மூச்சு விட்டு, பெருசா ஒண்ணு. எத்தன நாள் கேட்டுருக்கேன், எனக்குத் தெரியாதா?"

தோள்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் குரைத்தாள். அச்சு அசல்.

மாமனார் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா? இதுக்கா அத்தன சண்ட?" என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, மெஷினுக்கு எதிரில் எப்போதும்போல் உட்கார்ந்தார்.

"இப்ப குரைம்மா."

அவள் குரைத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார்.