தெருமுனையில் ஒரு வேன்

எங்கள் பேக்கரி முதலாளி கிளிஃபர்ட் சொன்னது இதுதான்: நோரீன், கிர்ஸ்டி இருவரில் யார் முதலில் லைசென்ஸ் வாங்குகிறாளோ, அவளுக்குத்தான் வேன். அடுப்புச் சூட்டிலிருந்து விடுதலை, ஓல்டம் நகரம் முழுக்க ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வேலை. நோரீன் என்கிற நான் பதினோரு வருடம் மாவு பிசைந்தவள். கிர்ஸ்டி வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

மூன்று முறை தேர்வுக்குப் போனேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் கோட்டை விட்டேன்: தெருமுனையில் காரைப் பின்பக்கமாக வளைத்து எடுப்பது. சக்கரம் நடைபாதை விளிம்பில் இடிக்கும், பக்கத்திலிருக்கும் அதிகாரி பேனாவைத் திறப்பார். வெறி பிடித்தவள் மாதிரி பழகினேன். நன்றாக வந்த பிறகு, டிசம்பரில் தேர்வையே மாற்றிவிட்டார்கள். அந்த வளைவே கிடையாதாம். வழிகாட்டும் கருவி சொல்கிறபடி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். எனக்கு அடுத்த தேதி ஏப்ரலில். கிர்ஸ்டிக்கு யாரோ விட்டுக்கொடுத்த தேதி டிசம்பரிலேயே கிடைத்தது. முதல் தடவையிலேயே பாஸ்!

"நோரீன், 'எல்' போர்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன்டீ!"

"பாஸ் பண்ணது நீயா, அந்தக் கருவியா?"

"வயிறு எரியுதா?"

"எரியுது. அதுக்கென்ன இப்ப?"

திங்கட்கிழமை கிர்ஸ்டி வேனில் தன் முதல் நடையை முடித்துத் திரும்பினாள். எங்கள் முற்றத்துக்குள் வேனைப் பின்பக்கமாக வளைத்துத்தான் கொண்டுவர முடியும். முன்னே வந்தாள், பின்னே போனாள், சுவரை உரசப் பார்த்தாள். வழி கிடைக்காத பால் வண்டிக்காரர் ஹாரனை அடித்துத் தள்ளினார்.

"நோரீன், உனக்குத்தான் இது அத்துப்படியாச்சே. கொஞ்சம் கை காட்டும்மா" என்றார் கிளிஃபர்ட்.

இடிக்கட்டும் என்று ஒரு நிமிடம் மரம் மாதிரி நின்றேன். பக்கக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"ஸ்டீயரிங்கை முழுசா ஒடிடீ! இன்னும், இன்னும்... போதும், நேராக்கு!"

வேன் கச்சிதமாக உள்ளே வந்து நின்றது. பால்காரர் கை தட்டினார், அவளுக்கு. கிளிஃபர்டும் அவள் தோளைத்தான் தட்டிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளையிலருந்து தினமும் இந்த நேரத்துக்கு வந்து நின்னுடு. அவ பழகிக்கட்டும்."

தினமும் நின்றேன். மழையில்கூட நின்றேன். ஏப்ரலில் நானும் பாஸ் ஆகி, லைசென்ஸைக் காட்ட முற்றத்துக்கு ஓடினேன். கிர்ஸ்டி யாரும் கை காட்டாமலே வேனை ஒரே வளைவில் உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தாள்.