கீழே கதவில்லாத கோபுரம்

நதியாவின் டேபிளில் அன்று முழுக்கக் கோட்டைதான். ஜெர்மனியில் ஏதோ மலைமேல் நிற்கிற பழைய கோட்டையை நெஞ்சில் அச்சடித்த டீ-சர்ட்டுகள். பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை.

"எழுநூறு வருசத்துக் கோட்டைங்கக்கா," என்றான் மெர்ச்சண்டைசர் வேல்குமார். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் அனுப்பிய தாளை வாசித்துச் சொல்வதில் அவனுக்கு ஒரு குஷி. "இப்ப அங்க பள்ளிக்கூடத்துப் பசங்க டூர் வந்து தங்கறாங்க. அவங்க வாங்கறதுக்குத்தான் இது. இந்தக் கோபுரம் அந்தக் காலத்துல ஜெயிலு. கீழ கதவே இல்லீங்க. மேல ஒரு ஓட்டை, அதுவழியா ஆளைக் கயித்துல கட்டி இறக்குவாங்களாம். பயத்து ஓட்டைன்னே அதுக்குப் பேராமுங்க. இப்பப் பசங்க அதுல குனிஞ்சு கூப்பாடு போட்டு விளையாடறாங்களாம்."

பக்கத்து டேபிள் பழனியம்மாள், "எங்க மாமியாளை அங்க அனுப்பி வைங்க சாமி," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நதியா சிரிக்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பின்கட்டுச் சாயப்பட்டறையில்தான் அவள் புருஷன் முனீஸுக்கு வேலை. "பத்து மணிக்குக் கழிவுத் தொட்டியில சேறு அள்ள இறங்கச் சொல்லிருக்காக. நீ ஒண்ணும் நெனைக்காத புள்ள," என்று காலையில் சொல்லியிருந்தான். அந்தத் தொட்டிக்கும் மேலே ஓர் ஓட்டைதான்.

மணி பத்தேகால். சூப்பர்வைசர் குமாரசாமியிடம் போய், பின்கட்டுவரை ஒரு எட்டுப் போய்வரக் கேட்டாள்.

"இன்னைக்கு லாரி வருது கண்ணு. பத்தரை டீ டைமுக்குப் போயிக்கலாம்."

அந்தக் கால் மணியில் எத்தனை கோபுரம் கைவழியே போயிற்றோ, ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. பெல் அடித்ததும் ஓடினாள்.

தொட்டி வாயில் முனீஸோடு வேலை செய்கிற சின்னானும் கன்னையனும் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். "இப்பத்தான் பேசிட்டிருந்தாருங்க," என்றான் சின்னான். நதியா மண்டியிட்டுக் குனிந்து கூப்பிட்டாள். அழுகிய முட்டை நாற்றத்தோடு அவள் குரலே திரும்பி வந்தது.

"இழுங்கண்ணே."

இழுத்தார்கள். அது கடையில் வாங்கிய கயிறு இல்லை, வெட்டி மிஞ்சிய பனியன் துணியை, கட்டிங் வேஸ்ட்டைப் பின்னியது. பண்டல் கட்ட, கொடி கட்ட, தொட்டில் கட்ட அங்கே எல்லாருக்கும் அதுதான். துணி காயப்போடவென்று போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பின்னியவளே நதியாதான்; வீட்டுக் கொடியை அவிழ்த்து முனீஸ் எடுத்து வந்திருந்தான். பனியன் துணி இழுத்தால் நீளும். நாளெல்லாம் அதை இழுத்துப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதா? அவன் இடுப்பில் கட்டும்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

கயிறு மெலிந்து மெலிந்து மேலே வந்துகொண்டிருந்தது. கீழே கனம் அசையவில்லை.

குமாரசாமி லாரியின் நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். அதைக் கட்டிக்கொண்டு இறங்க ஒருவரும் துணியவில்லை. நதியா வாங்கித் தன் இடுப்பில் சுற்றினாள். மூன்று பேர் அவளை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

தீயணைப்பு வண்டி வந்து முனீஸின் உடலை எடுக்கும்வரை அவர்கள் பிடியை விடவில்லை. நைலான் கயிறு அவள் இடுப்பிலேயே இருந்தது.