ஷட்டர் ஓரத்துப் பெருக்கல் குறி

என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்ல என் வீட்டுக்காரருக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. சுவரில் மாட்டும் ஒரு சார்ஜரைத் தேர்ந்தெடுக்க எழுபத்தொரு நாள் ஆனது. வாரண்டி உள்ள பொருளுக்கு இத்தனை யோசனை, வாரண்டி இல்லாத எனக்கு யோசனையே இல்லை. சரி, அதை விடுங்கள்.

நான் சோபாக்களுக்கும் நாற்காலிகளுக்கும் மெத்தை மாற்றி உறை தைப்பவள். வீட்டை ஒட்டி ஒரு வண்டி ஷெட், அதற்குப் பின்னால் என் பட்டறை. இரண்டுக்கும் நடுவே அகலமான ஒரு வாசல், அந்த வாசலில் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் ஒரு சிமெண்ட் மேடை. வண்டியை ரிவர்ஸில் உள்ளே விட்டு, பின்கதவை இறக்கி மேடைமேல் சாய்த்துவிட்டால், எவ்வளவு கனமான சாமானையும் தரையில் வைக்காமல் பட்டறையிலிருந்து நேரே வண்டிக்குள் தள்ளிவிடலாம். மேடையைக் கட்டச் சொன்னவள் நான். வண்டியை ஓட்டுபவளும் நான். அந்த பேட்டரி பிக்கப் வீட்டுக்கு வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் அதில் ஏறி உட்கார்ந்தது இரண்டே தடவை. அதில் ஒன்று போட்டோவுக்கு.

வண்டி வந்த நாள் முதல் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஷட்டர் ஓரத்தில், வலது பக்கச் சுவரில், என் கம்ப்ரஸருக்காக வைத்த ஒரு பிளக் இருந்தது. சாயங்காலம் வண்டியை ரிவர்ஸில் விட்டு, அந்த பிளக்கில் வயரைச் செருகினால் காலையில் தேவையான அளவு ஏறியிருக்கும். மெதுவாகத்தான் ஏறும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை, நானும் தூங்கவேண்டுமே.

"சாதாரண பிளக்குல எத்தனை நாளைக்கு? ஒழுங்கா ஒரு சார்ஜர் வைக்கணும். நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்றார் வீட்டுக்காரர். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குக் கவலையே வந்தது.

அவர் காப்பீட்டுக் கம்பெனியில், விபத்து நடந்த பிறகு போய், யார்மேல் தப்பு என்று கேள்வி கேட்கும் வேலையில் இருக்கிறார். கேள்வி கேட்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. வண்டி வைத்திருப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தார். இருபத்திரண்டு சார்ஜர்களை ஒரு அட்டவணையில் போட்டார். எத்தனை கிலோவாட், மழை தாங்குமா, விளக்கு பச்சையா நீலமா, போனிலிருந்து அணைக்கலாமா என்று கட்டம் கட்டமாக நிரப்பினார். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால் ஆம்பியர் பற்றிப் பதில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார். அலுவலகத்து டிரைவரைக் கேட்டார். என்றைக்கோ என்னிடம் சோபா தைத்துக்கொண்ட ஒரு பல் டாக்டரைக்கூட விடவில்லை.

போதாததற்கு என் தம்பி வேறு. அவன் செல்போன் கடை வைத்திருக்கிறான். அதனால் சார்ஜ் ஏறுகிற எல்லாவற்றையும் தான் கரைத்துக் குடித்திருப்பதாக அவனுக்கு எண்ணம். என்கூடப் பிறந்தவன், ஆனால் ஷெட்டுக்குள் கால் வைத்தால் மாமாவின் ஆள்.

"மாமா, வைஃபை நல்லா கிடைக்கிற இடத்துல வைக்கணும். அதான் முக்கியம்."

"கரெக்ட்டுடா. அஞ்சு மீட்டர் கேபிள் போதும்ல? ஏழரை மீட்டர்னா தரையில கிடந்து அசிங்கமா இருக்கும்."

"அஞ்சு தாராளம் மாமா."

இருவரும் டேப்பைப் பிடித்து ஷெட்டை அளந்தார்கள். அன்று நான் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தேன். இல்லாத வண்டியை, அலுவலகத்துக்குக் காரில் போகிறவர்கள் விடுகிற மாதிரி, மூக்கை முன்னால் விட்டு நிறுத்தியதாக மனசுக்குள்ளேயே வைத்து அளந்திருக்கிறார்கள். வண்டியில் வயர் செருகும் வாய் இடது பக்கம், முன்சக்கரத்துக்கு மேலே. மூக்கை உள்ளே விட்டால் அது ஷெட்டின் இடது மூலையில், ஆழத்தில் போய் நிற்கும். நான் விடுகிற மாதிரி ரிவர்ஸில் விட்டால் வலது பக்கம், ஷட்டர் ஓரத்தில் நிற்கும். வண்டியைத் தினமும் நிறுத்துகிறவளுக்கு இது தெரியும். அந்த ஒருத்தியைத் தவிர ஊரில் எல்லோரையும் கேட்டாயிற்று.

கேட்காவிட்டால் என்ன, நானாகவே சொன்னேன். துணியில் குறி போடும் சாக்பீஸால் ஷட்டர் ஓரத்து வலது சுவரில், நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டேன். என் பட்டறையில் ஒரு ஆணி அடிப்பதாக இருந்தாலும் முதலில் இப்படித்தான் குறி போடுவேன். "இங்கதாங்க வரணும்" என்று அவரைக் கூட்டி வந்து காட்டினேன்.

"சரி சரி, எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கறேன்" என்றார். பிறகு பார்த்தால், அட்டவணையின் கடைசியில் 'இதர கருத்துகள்' என்ற கட்டத்தில் 'மனைவி – வலது சுவர்' என்று இருந்தது. அதற்கு எதிரே மதிப்பெண் எதுவும் இல்லை.

இதற்கு நடுவில்தான் எனக்கு அந்த ஆர்டர் வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் உட்காரும் நீள இருக்கைகள் எல்லாவற்றுக்கும் மெத்தை மாற்ற வேண்டும். வாரம் பத்து இருக்கை, ஒரு வருஷத்துக்கு வேலை. இதற்காக எட்டு மாதம் அலைந்திருக்கிறேன். முதல் பத்து இருக்கைகளும் வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள், நோயாளிகள் வருவதற்கு முன்னால், இறங்கியாக வேண்டும். பராமரிப்புப் பொறுப்பில் இருந்த அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "முதல் தடவையே லேட்டுன்னா வேற ஆளைப் பாத்துக்குவோம்மா. நிக்க முடியாதவங்கதான் எங்க கிட்ட வர்றாங்க."

சனிக்கிழமை ரெக்ஸின் சுருள் வாங்க நான் கடைக்குப் போயிருந்தபோது எலக்ட்ரீஷியன் வந்து சார்ஜரை மாட்டிவிட்டுப் போயிருந்தார். இருபத்திரண்டில் முதலிடம் பிடித்தது. திரும்பி வந்ததும் கடைசி இரண்டு இருக்கைகளை முடிக்கப் பட்டறைக்குள் போனவள்தான், சாப்பிடக்கூட வரவில்லை. வண்டி ராத்திரி முழுக்க ஷட்டருக்கு வெளியிலேயே நின்றது. ஞாயிறு காலையில் வண்டியை ரிவர்ஸில் விட்டு, பத்து இருக்கைகளையும் நானும் தம்பியுமாக ஏற்றிக் கட்டினோம். அவை வண்டியைவிட நீளம், பின்கதவுக்கு மேலே வந்து மேடை வரை நீட்டிக்கொண்டிருந்தன. வண்டியில் சார்ஜ் பதினேழு சதவீதம். ஆஸ்பத்திரி வரை போகவே அது காணாது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"இப்ப பாரு. அஞ்சே மணி நேரத்துல ஃபுல்லாயிடும்" என்று வீட்டுக்காரர் இடது மூலையில் பச்சை விளக்கெரிந்த சார்ஜரிலிருந்து கேபிளை உருவிக்கொண்டு வந்தார். வண்டியின் பின்சக்கரத்தைத் தாண்டினார். கதவைத் தாண்டினார். மூக்கைச் சுற்றி இந்தப் பக்கம் திரும்புவதற்கு முன்பே கேபிள் அவரைப் பிடித்து நிறுத்தியது. அவர் இழுத்தார். என் தம்பி வந்து கூடச் சேர்ந்து இழுத்தான். இழுத்தால் நீளுவதற்கு அது என்ன எலாஸ்டிக்கா?

"பழைய பிளக்குலேயே போட்டுடலாம்" என்று நான் ஷட்டர் ஓரத்துக்குப் போனேன். பிளக் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மூடி இருந்தது.

"அதை எடுத்தாச்சு" என்றார் வீட்டுக்காரர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மெயின் போர்டுல இடமில்லைன்னாங்க. ஒரு லைனைக் கழட்டினாதான் புதுசுக்குக் குடுக்க முடியுமாம். கம்ப்ரஸர்தானே, அப்புறம் பாத்துக்கலாம்னு..."

"இங்க ஒரு குறி போட்டிருந்தேனே?"

"அதுவா? குரூப்புல போட ஷெட்டை போட்டோ எடுத்தேன், அழுக்கா தெரிஞ்சுது. ஈரத் துணியால துடைச்சுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வந்ததல்ல, கோபத்தில் வந்தது. எட்டு மாத அலைச்சலை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஒரு மனுஷன் பச்சை விளக்குக்குக் கீழே பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கிறார். எலக்ட்ரீஷியன் போன் அணைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அவரும் மனுஷர்தான்.

"அக்கா, வண்டியைத் திருப்பி முன்பக்கமா விட்டா எட்டும்" என்றான் தம்பி, ஏதோ புதையலைக் கண்டுபிடித்தவன் போல.

"விட்டா பின்னாடி நீட்டிட்டிருக்கிற இருக்கை எல்லாம் மழையில நிக்கும். அஞ்சு மணி நேரம். ஸ்பான்ஜ் தண்ணியைக் குடிச்சா ஆஸ்பத்திரியில உக்காருறவங்களுக்குச் சளி பிடிக்கும்."

"அப்ப என்ன பண்றது?" என்றார் வீட்டுக்காரர்.

எழுபத்தொரு நாளில் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இறக்குங்க" என்றேன். "பத்தையும் பட்டறைக்குள்ள இறக்குங்க. நான் வண்டியைத் திருப்பி விடறேன். ஏறி முடிஞ்சதும் மறுபடி ரிவர்ஸ்ல விடறேன். அப்புறம் பத்தையும் நீங்களே ஏத்துங்க. ரெண்டு பேரும்."

நான் மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இரும்புச் சட்டம் போட்ட இருக்கை, ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூன்றாவது இருக்கையில் தம்பி வைஃபையை மறந்தான். ஆறாவதில் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அட்டவணையில் இடுப்புக்கு ஒரு கட்டம் விட்டிருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவும் சொன்னேன். சாயங்காலம் மறுபடி ஏற்றினார்கள். ஒரு சட்டத்தின் முனை கதவில் இடித்து ரெக்ஸின் கிழிந்தது. அந்த ஒரு இருக்கையைப் பிரித்து நான் திரும்பத் தைத்தேன்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தேன். அந்த அம்மா ஒரு இருக்கையில் உட்கார்ந்து பார்த்து, எழுந்து, அடுத்த வாரப் பத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டேன். வாரா வாரம் இப்படி ஏற்றி இறக்கினால் வருஷம் முடிவதற்குள் யாராவது ஒருத்தரை அதே இருக்கையில் நோயாளியாக உட்கார வைக்க வேண்டிவரும்.

வீட்டுக்குத் திரும்பியபோது வீட்டுக்காரர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. போனை நீட்டினார். குழுவில் எழுதியிருக்கிறார்: 'சார்ஜர் வாங்குமுன் யாரும் சொல்லாத ஓர் உண்மை. வண்டியை ஓட்டுபவரைக் கேட்காமல் இடத்தை முடிவு செய்யாதீர்கள். இது என் சொந்த அனுபவம்.' கீழே இருநூற்றுச் சொச்சம் பேர் கை தட்டியிருந்தார்கள். உங்களைப் போன்றவர்கள்தான் தேவை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வாரம் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் ஆலோசனை கேட்டு அவருக்குப் போன் செய்தார்கள். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

புதன்கிழமை அவர் அலுவலகம் போன பிறகு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். வலது சுவரில் பெருக்கல் குறியை மறுபடி போட்டு வைத்திருந்தேன், இந்த முறை சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. அவர் இடது மூலையிலிருந்து சார்ஜரைக் கழற்றி, வயரை இந்தப் பக்கம் இழுத்து விட்டு, குறிக்கு முன்னால் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன?"

"சார் வந்துடட்டுமேக்கா. எங்க வைக்கணும்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுடலாம்."

"குறி போட்டிருக்கேன்ல?"

"இருக்குக்கா. இருந்தாலும் சார் விவரமானவரு. குரூப்ல எழுதியிருந்தாரே, பாத்தீங்களா? ஓட்டுறவங்களைக் கேக்காம வைக்கக் கூடாதுன்னு. பிரமாதமா எழுதியிருந்தாரு."

"டிரில்லை இப்படிக் குடுங்க" என்றேன்.

மரச்சட்டத்தில் பதினாறு வருஷமாக ஓட்டை போடுகிறவள் நான், சிமெண்ட் சுவர் ஒன்றும் பெரிய காரியமில்லை. முதல் ஓட்டை குறியின் நட்டநடுவில் விழுந்தது. எலக்ட்ரீஷியன் இரண்டடி தள்ளிப் போய்ப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"சார், அக்கா அவங்களே ஓட்டை போட்டுட்டாங்க சார்."

"எந்தப் பக்கம்?"

"வலது சுவர் சார். ஷட்டர் ஓரம்."

நான் டிரில்லைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஏதோ ஒரு வார்த்தை வரும் என்று ஆசையாகத்தான் காத்திருந்தேன்.

"அங்க வைஃபை கிடைக்குதான்னு பாருங்க" என்றார்.

நான் இரண்டாவது ஓட்டையைப் போட்டேன்.